விற்பவர் வாய்திறக்க வேண்டிய வேளை

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் எங்கள் சங்கத்தின் விற்பனை நிலையத்தில் அமர்ந்து இருப்புக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நடுத்தர வயதுடைய அம்மையார் ஒருவர் கையில் ஒரு பொட்டலத்துடன் வந்தார். பொங்கலுக்கு முன்னர் எங்களிடம் வாங்கிய பருத்திச் சேலை அது. சந்தன நிற உடல், அரக்குக் கரை. முதல் சலவையிலேயே கரையின் சாயம் இறங்கி உடல் முழுவதும் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. விற்பனையாளர் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. "கைத்தறி என்றால் அப்படித்தான் இருக்கும், அம்மா" என்றார். அம்மையார் மறுமொழி கூறாமல் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு சென்றுவிட்டார். அவர் சண்டையிட்டிருந்தாலும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த ஒரு வாக்கியத்தால் நேர்ந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டிலும் காண முடியாது. கைத்தறி என்ற சொல்லுக்கே மட்டமான சரக்கு என்று பொருள் கூறிவிட்டார், நம்மிடம் சம்பளம் பெறும் ஒருவர். அந்தச் சேலையை நெய்தவரோ நான்கு தெரு தள்ளித் தறிக்குழியில் அமர்ந்து அடுத்த சேலையை நெய்துகொண்டிருந்தார்.

சாயத்தைப் பற்றி அங்கத்தினர்கள் அறியாததன்று. அரக்கு, கறுப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த வண்ணங்களில் இழைக்குள் பிடிக்காமல் மேலே தங்கிய சாயம் முதல் இரண்டு மூன்று சலவைகளில் கழன்று வருவதுண்டு. குளிர்ந்த நீரில், ஊறவிடாமல், தனியே அலசி உடனே நிழலில் விரித்துவிட்டால் பெரும்பாலும் கேடு நேராது. வாங்குகிறவருக்கு இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் சாயமிட்ட சிட்டங்களைச் சரிவரச் சோப்பு நீரில் காய்ச்சி அலசாமல் தறிக்கு அனுப்பியிருந்தால் அது வேறு விஷயம். அது பட்டறையின் பிழை. அத்துணியைச் சங்கம் திரும்பப் பெற்றே தீர வேண்டும். இவ்விரண்டில் எது நேர்ந்தது என்று எங்கள் விற்பனையாளருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு வழியும் இல்லை. எந்தச் சேலை எந்தத் தடவைச் சாயத்தில் வந்தது என்று நாங்கள் அவருக்கு ஒருபோதும் எழுதிக் கொடுத்ததில்லை. ஆகவே அவரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது.

இவ்விடத்தில் மெட்ராஸ் துணியின் கதையை நினைவூட்டுவது பொருந்தும். 1958-ஆம் ஆண்டில் ஏற்றுமதியாளர் சி. பி. கிருஷ்ணன் நாயர் கட்டம் போட்ட மெட்ராஸ் கைத்தறித் துணியை அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவருக்கு விற்றார். துணி சாயம் விடும், குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்று முன்கூட்டியே அவர் எச்சரித்ததாகச் சொல்லுவர். அவ்வெச்சரிக்கை கடைகளில் உடை வாங்கியவர்களை எட்டவில்லை. அவர்கள் மற்ற உடைகளுடன் சேர்த்துத் துவைத்தார்கள், புகார்கள் குவிந்தன. பின்னர் அதே துணி, "சாயம் விடும் என்று உத்தரவாதம் அளிக்கிறோம்" என்ற விளம்பரத்துடன் விற்கப்பட்டது. ஒவ்வொரு சலவையிலும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்து மென்மையாவதே அதன் தனி அழகு என்றார்கள். 1960-களில் அமெரிக்க இளைஞர்கள் அதை விரும்பி அணிந்தார்கள். துணியும் சாயமும் மாறவில்லை. சொல்ல வேண்டியதை விற்பதற்கு முன்னரே சொன்னார்கள் என்பதுதான் வேற்றுமை.

இதைக் கேட்டுவிட்டு, நாமும் எல்லாப் பிழைகளையும் அழகென்று கூறிவிடலாம் என்று ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொன்னார். கட்டத் துணியில் கலப்பது அழகாகலாம். சந்தன நிறச் சேலையில் சிவப்புத் திட்டு எந்நாளும் அழகாகாது.

நாம் வாடிக்கைக்காரரிடம் பேசுவதே இல்லை என்று கூற மாட்டேன். ஒன்றை மட்டும் உரக்கப் பேசுகிறோம்: தள்ளுபடி. தீபாவளிக்கு முன் வாசலில் தட்டி கட்டி 30 சதவிகிதம் என்று எழுதுகிறோம். அந்தத் தட்டியைத் தவிர வேறொன்றையும் ஆண்டு முழுவதும் சொல்லாவிட்டால் மக்கள் என்ன கற்றுக்கொள்வார்கள்? தட்டி இல்லாத நாளில் வாங்குகிறவன் ஏமாளி என்று கற்றுக்கொள்வார்கள், கற்றும் இருக்கிறார்கள். ஆனி, ஆடி மாதங்களில் நமது அலமாரிகள் நிறைந்தும் தறிகள் ஓய்ந்தும் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். தள்ளுபடியை நிறுத்தச் சொல்லவில்லை. ஏழைக்கு அது தேவை. நமது வாய்மொழி அதோடு முடிந்துவிடுகிறதே என்பதுதான் என் குறை.

1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் சில ஆண்டுகளுக்கு முன்பு சேலையுடன் அதை நெய்தவரின் படத்தையும் பெயரையும் அச்சிட்ட அட்டையை இணைத்தது. நல்ல காரியம். நெய்த கை எது என்று அறிந்தபின் விலையில் பேரம் பேசுகிறவரின் குரல் சிறிது தணியும். அந்த அட்டையின் பின்புறத்தில் எப்படித் துவைப்பது என்பதையும் நான்கு வரியில் எழுதிவிட்டால் என் வேண்டுகோள் பாதி நிறைவேறிவிடும்.

விவசாய அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையின் சிறப்பு, அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வாசலிலேயே வைத்ததுதான். கேட்பதற்கு முன்னரே விடை கிடைத்துவிடுவதால் சந்தேகத்திற்கு இடமில்லை. மஞ்சள் விற்பவர் விரலி எது, கிழங்கு எது, எந்த ஆண்டுச் சரக்கு என்று மூட்டையின் மேல் எழுதி வைப்பதும் அவ்வகையே.

இன்னொரு விஷயம், இதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். விற்றதைக் கணக்கில் எழுதுகிறோம். கேட்டுக் கிடைக்காமல் போனதை எங்கே எழுதுகிறோம்? நீளம் போதவில்லை, ரவிக்கைத் துண்டு சேர்ந்திருக்க வேண்டும், கரை இத்தனை அகலம் வேண்டாம் என்று நாள்தோறும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அச்சொற்கள் கடையின் படியைத் தாண்டித் தறியை எட்டுவதில்லை. ஒரு பாவு ஏற்றினால் பல சேலைகள் நெய்து முடியும்வரை அதை மாற்ற இயலாது. ஆதலால் ஆடியில் கேட்ட சொல் ஆடியிலேயே நெசவாளரை எட்டினால்தான் தீபாவளிக்குப் பயன்படும். ஐப்பசியில் எட்டினால் அது வெறும் வருத்தம். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். விற்பனையாளர் எழுத வேண்டும். செயலாளர் வாரந்தோறும் படிக்க வேண்டும். பாவு கொடுக்கும் நாளில் அதை நெசவாளர்களுக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும்.

எங்கள் நிர்வாகக் குழுவில் இதை எடுத்துரைத்தேன். நோட்டுப் புத்தகம் வாங்கியாகிவிட்டது. முதல் பக்கத்தில் அந்தச் சந்தன நிறச் சேலையைப் பற்றி நானே எழுதினேன். அம்மையாரின் முகவரி பற்றுச்சீட்டில் இருக்கிறது; மாற்றுச் சேலை கொண்டுபோய்க் கொடுப்பதற்குச் செயலாளரும் சம்மதித்துவிட்டார். அச்செலவைச் சாயப் பட்டறையின் கணக்கில் எழுதுவதா, விற்பனை நிலையத்தின் கணக்கில் எழுதுவதா என்பதில்தான் இன்னும் தகராறு தீரவில்லை.