நெஞ்சில் நீர், வயிற்றில் காரணம்

நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னால், நம் வீடுகளில் உடனே நினைவுக்கு வருவது க்ஷயரோகம். அதில் தப்பில்லை; நம் தேசத்தில் அதற்கு முக்கியமான காரணம் அதுதான். க்ஷயரோகிகள் வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமடையலாம் என்று உலகத்துக்குக் காட்டியதும் நம் சென்னையே. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், 193 நோயாளிகளில் ஒரு சாராருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்கு சானடோரியத்திலும் சிகிச்சை செய்தது. 1959-ல் முடிவு வெளிவந்தது: பலன் ஏறக்குறைய ஒன்றேதான்!

ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு மருந்து சாப்பிட்டும் நீர் வற்றுவதில்லை. ஊசி போட்டு எடுத்தால் மறுபடியும் சுரக்கிறது. ஏன்?

இரைப்பைக்குப் பின்னால், ஒரு ஜாண் நீளம்கூட இல்லாத கணையம் இருக்கிறது. ஜீரண ரசமும் இன்சுலினும் அதன் உபயம். பித்தக் கல்லாலோ குடியாலோ அது வீங்கலாம். குடியையே அறியாத இளம் வயதினருக்கும் கணையத்தில் கல் உண்டாவதைத் தென்னிந்தியாவில் கண்டிருக்கிறார்கள். 1960-களில் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் இதை விரிவாக ஆராய்ந்தார்.

வியாதி முற்றிக் கணையத்தின் குழாய் உடைந்தால், ரசம் கசிந்து மேலேறி, பெரும்பாலும் இடது பக்க நெஞ்சில் தேங்கும். மயிலாப்பூர் ஒட்டு வீடுகளில் அடுத்த வீட்டுக் குழாய் ஒழுகி நம் வீட்டுச் சுவர் நனைவதில்லையா, அந்தக் கதைதான்! நோயாளிக்கு இருமலும் மூச்சுத் திணறலும் இருக்கும். வயிற்று வலி இல்லாமலேகூடப் போகலாம்.

நெஞ்சு நீரில் அமிலேஸ் என்ற ஜீரணப் பொருளை அளந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அளவு ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கும். பிறகு ரசம் சுரப்பதைக் குறைக்கும் மருந்து, எண்டாஸ்கோப் மூலம் வைக்கும் சிறு குழாய், தேவையானால் ஆபரேஷன் என்று வழிகள் உண்டு.

கணையம் திடீரென்று வீங்கினாலோ நுரையீரலே செயலிழக்கக் கூடும். மேல்வயிற்றில் பொறுக்க முடியாத வலி, முதுகுக்குப் பரவுகிறது, வாந்தி, மூச்சு வாங்குகிறது என்றால், "வாய்வுதான்" என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று: க்ஷயரோக மருந்தை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். நெஞ்சு நோவுக்குப் போகும்போது, பழைய வயிற்று வலி, பித்தக் கல், குடிப்பழக்கம் எதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டுக்காரரின் குடியைச் சொல்ல வெட்கப்பட்டால், வியாதியும் அந்த வெட்கத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.