முந்நூறு வாரங்களில் முதல் வாரம்

புணே நகரின் போபோடியில் வாழும் தமிழ்க் குடும்பத்திற்கு ஆண்டு ஒரு முறை மட்டும் பிறப்பதில்லை. சனவரி முதல் நாள் நாட்காட்டியில் பிறக்கிறது. மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ, பக்கத்து வீட்டு வாசலில் பட்டுத் துணியும் வேப்பிலையும் கட்டிய கம்பு உயரும்போது, குடி பாட்வாவாக மராத்தியருக்குப் பிறக்கிறது. ஏப்ரல் நடுவில் வேப்பம்பூப் பச்சடியோடு சித்திரை வருகிறது. இவை போதாவென்று, வங்கிக் கணக்கு வைத்திருக்கும் நம் எல்லோருக்கும் ஏப்ரல் 1 அன்று நிதியாண்டு வேறு பிறந்துவிடுகிறது. இத்தனை தொடக்கங்கள் கைவசம் இருக்கையில், சனவரி முதல் நாளின் தலையில் மட்டும் வாழ்க்கை முழுவதையும் மாற்றியமைக்கும் பாரத்தை நாம் ஏன் ஏற்றுகிறோம்?

அதிகாலை நான்கு மணிக்கு எழுவது, ஐந்து கிலோமீட்டர் ஓடுவது, இனிப்பை அறவே விடுவது, வாரம் ஒரு நூல் படிப்பது, விட்டுப்போன வீணையை மீண்டும் தொடங்குவது என எல்லாமே ஒரே நாளில் நடக்க வேண்டும் என்று முடிவெடுக்கிறோம். உடற்பயிற்சிக் கூடத்திற்கு ஓராண்டுக் கட்டணத்தை ஒரே தவணையில் செலுத்தியும் விடுகிறோம். பொங்கல் பானை இறங்குவதற்குள் பாதி உறுதிகள் இறங்கிவிடுகின்றன. கட்டிய பணம் போவது ஓர் இழப்புதான். ஆனால் அதனினும் பெரிய இழப்பு, ‘நமக்கு இதெல்லாம் ஒத்துவராது’ என்னும் தீர்ப்பை நமக்கு நாமே எழுதிக்கொள்வது. நாற்பது வயதில் ஒருவர் அவ்வாறு எழுதிக்கொண்டால், ஐம்பதில் மருத்துவர் நடக்கச் சொல்லும்போதும் அந்தப் பழைய தீர்ப்பே வாசலை மறித்து நிற்கும்.

மென்மையாகத் தொடங்குவது எப்படி என்பதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. போபோடியிலிருந்து மெட்ரோவில் சில நிலையங்கள் தள்ளி இருக்கிறது சிவாஜிநகர். அங்கே பி.கே.எஸ். ஐயங்கார் 1975இல் தம் மறைந்த துணைவியார் ரமாமணியின் பெயரால் நிறுவிய யோகப் பயிற்சி நிலையம் இருக்கிறது. 1918இல் கர்நாடகத்தின் பெல்லூரில் பிறந்த ஐயங்காரின் இளமை மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என நோய்களின் வரிசையாகவே கழிந்தது. மைசூரில் தம் அக்காளின் கணவரான கிருஷ்ணமாச்சாரியாரிடம் யோகம் கற்ற அவர், 1937இல் ஆறு மாதங்களுக்கு மட்டும் பயிற்சி அளிப்பதற்காகப் புணேக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு, மராத்தி தெரியாது. அந்த ஆறு மாதங்கள் நீண்டு, 2014இல் இதே நகரில்தான் அவர் மறைந்தார்.

உலகம் அவரைக் கடினமான ஆசனங்களின் நிழற்படங்களால் அறிந்திருக்கலாம். நமக்கு அவருடைய பெருங்கொடையாகத் தோன்றுவது நாற்காலி, மரக்கட்டை, கயிறு, வார்ப்பட்டை, மடித்த கம்பளி ஆகிய எளிய பொருள்கள். கை தரையைத் தொடவில்லையா? தரையைக் கை வரை உயர்த்துங்கள். ஒரு மரக்கட்டையை வையுங்கள். முதுகு தாங்கவில்லையா? நாற்காலியின் மேல் சாய்ந்து செய்யுங்கள். உடலை வளைத்து ஆசனத்திற்குள் திணிப்பதை விடுத்து, ஆசனத்தை உடலின் இன்றைய நிலைக்குக் கொண்டுவரும் இம்முறையால்தான் முதியோரும் மூட்டுவலி உடையோரும் யோகத்திற்குள் வர முடிந்தது.

1966இல் வெளியான அவருடைய ‘லைட் ஆன் யோகா’ நூலின் பின்னிணைப்பில் ஒரு பயிற்சித் திட்டம் உண்டு. அது முந்நூறு வாரங்களுக்கானது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள்! அதன் முதல் வாரம் தாடாசனத்தில், அதாவது நேராக நிற்பதில் தொடங்குகிறது. சவாசனத்தில், அதாவது அசையாமல் படுத்திருப்பதில் முடிகிறது. பார்ப்பதற்கு எளிதான இந்தச் சவாசனமே கைவரப் பெறுவதற்கு மிக அரிய ஆசனங்களுள் ஒன்று என்பது அவர் கருத்து. நிற்கவும் படுக்கவும் கற்பதற்கே இவ்வளவு பொறுமை வேண்டுமென்றால், ஓராண்டில் புதுமனிதராகிவிடும் நம் திட்டத்தைப் பற்றி என்ன சொல்வது!

‘மென்மை என்பது சோம்பலுக்கு இட்ட நல்ல பெயர்’ என்று சிலர் கூறுவர். அவர்களுக்கும் ஐயங்காரிடமே விடை உண்டு. அவர் மிகக் கண்டிப்பான ஆசிரியர் எனப் பெயர் பெற்றவர். நாற்காலியைத் தந்தவர்தான், அந்த நாற்காலியில் கால் விரல் எப்படி இருக்கிறது என்பதையும் விடாமல் பார்த்தார். சுமையைக் குறைக்கலாம், கவனத்தைக் குறைக்க வேண்டியதில்லை. நம்மில் பலர் சுமையை ஏற்றிவிட்டுக் கவனத்தைக் கைவிடுகிறோம்.

உடலுக்குப் பொருந்தும் இந்த முறை கைத்தொழிலுக்கும் கலைக்கும் பொருந்தும். புதிதாக எதையும் வாங்காமல் தொடங்கக்கூடிய கலை ஒன்று நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மார்கழி முழுவதும் இட்ட கோலம் தை பிறந்ததும் பல வீடுகளில் சுருங்கிவிடுகிறது; அடுக்ககங்களில் ஒட்டுத்தாளாகவே மாறிவிட்டது. வேலைகளுள் ஒரு வேலையாக, அவசரமாக இழுக்கப்படும் கோலத்தை நாம் இங்கே பேசவில்லை. அது பெண்களின் காலைச் சுமையில் இன்னும் ஒரு கல். விரும்பி எடுத்துக்கொள்ளும் பத்து நிமிடத்தையே பேசுகிறோம். வீட்டு ஆண்கள் எடுத்துக்கொண்டாலும் மாவு மறுப்புச் சொல்லாது.

ஐந்து புள்ளி வரிசையில் ஒரு சிக்குக் கோலம் போதும். இழை எங்கே திரும்ப வேண்டும் என்று மனம் தேடும் அந்த நேரத்தில் அலுவலகமும் தவணையும் சற்று விலகி நிற்கும். இது எளிய விளையாட்டன்று. 1970களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் கோலங்களின் அமைப்பைக் கணினியியல் சார்ந்த இலக்கண விதிகளாக எழுத முனைந்தனர். கோலத்திற்கு மற்றொரு நற்குணமும் உண்டு: மாலைக்குள் அது அழிந்துவிடும். நேற்றுத் தவறிய வளைவுக்கு இன்று பாக்கி இல்லை. நாள்தோறும் இருப்பு சுழியமாகும் ஒரு கணக்கை வங்கி இதழில் நாம் பரிந்துரைப்பது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆயினும் பரிந்துரைக்கிறோம்.

கோலம் பிடிக்காதவர் பென்சிலை எடுக்கட்டும், தொட்டியில் துளசி வளர்க்கட்டும், பாட்டி சொன்ன சமையற் குறிப்புகளை ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். எதைத் தேர்ந்தாலும் முதல் மூன்று மாதங்களுக்கு வீட்டில் இருக்கும் பொருளையே பயன்படுத்துவது நலம். விலையுயர்ந்த இசைக்கருவியைத் தவணையில் வாங்கினால், விரல் பழகும் முன்பே கடன் பழகிவிடும். பயிற்சிக் கூடமானால் மாதக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். ஆண்டுக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போகாத மாதங்களைக் கணக்கிட்டால் தள்ளுபடியே அன்று. இடையில் நின்றால் பணம் திரும்புமா என்பதையும் கையெழுத்திடும் முன் படித்துவிடுங்கள்.

நேரமே இல்லை என்பவர்களின் குறையை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. அதிகாலைத் தண்ணீர், பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டி, தொழிற்சாலையின் முறைப்பணி என ஓடும் வீட்டில் பத்து நிமிடம் தானாகக் கிடைக்காது. வீட்டில் மற்றொருவர் அந்தப் பத்து நிமிடத்திற்கு அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐயங்காரின் நாற்காலிக்கு நிகரான துணை அதுவே. இந்த ஆண்டின் உறுதிமொழியை எழுதுவோர், தமக்கென ஒரு வரியும் வீட்டிலுள்ள மற்றொருவரின் பத்து நிமிடத்திற்கென ஒரு வரியும் எழுதலாம்.

சனவரியில் தவறினால், குடி பாட்வாவுக்கு மராத்தியரும் வாசலில் புள்ளி வைத்து ராங்கோளி இடுவார்கள். அடுத்த வீட்டு வாசலில் குந்தி, அவர்கள் இழை எப்படித் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே மீண்டும் தொடங்கிவிடலாம்.