ஒட்டும் ரப்பரும் ஒட்டாத வாதமும்

சாலைக்கென வாங்கிய காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்க முனைவோர், தடத்துக்குச் செல்லும் முன் செய்ய வேண்டிய முதற்செலவு மிகவும் மென்மையான, தரையை இறுகப் பற்றும் டயர்களை வாங்குவதே என்றும், அத்தகைய டயர் வேகத்தைக் கூட்டுவதோடு ஓட்டுநரின் உயிருக்கும் காவலாக நிற்கும் என்றும் உறுதியாக நம்புகின்றனர். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தின் கரி தடத்திலும் தனியார் கார்களுக்கு இடம் கிடைக்கும் நாள்களில் இந்த நம்பிக்கையே அனுபவசாலிகளின் அறிவுரையாகக் கைமாறுகிறது. டயர் விற்போர் இதை மறுக்க வேண்டிய தேவையும் இல்லை. இதன் முற்பாதி, அதாவது வேகம் பற்றிய கூற்று, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு உண்மையானது. பாதுகாப்பு பற்றிய பிற்பாதி தவறானது. புதிதாகப் பழகுவோரைப் பொறுத்தவரை ஆபத்தானதும்கூட.

இங்கே பேசப்படும் டயர்கள் மூன்று வகைப்படும். நீரை வெளியேற்றும் காடிகள் எவையும் இல்லாத, பந்தயத்துக்கு மட்டுமே உரிய வழுவழுப்பான டயர் 'ஸ்லிக்' எனப்படும். சாலைச் சட்டத்தை நிறைவு செய்யும் அளவுக்கு மட்டும் காடிகள் வெட்டப்பட்டு, ஏறத்தாழப் பந்தய டயருக்குரிய மென்மையான ரப்பர் கலவையால் ஆனது 'செமி ஸ்லிக்'. மூன்றாவது, வேகமான சாலைக் கார்களுக்கென்று செய்யப்படும், ஈரத்திலும் வெயிலிலும் அன்றாடம் ஓடத்தக்க நல்ல சாலை டயர். மேற்சொன்ன நம்பிக்கை இரண்டாம் வகையைப் போற்றி மூன்றாம் வகையை இகழ்கிறது.

ரப்பர் தரையைப் பற்றும் முறை, பள்ளிப் பாடநூல்கள் சொல்லும் எளிய உராய்வு விதிக்கு முழுவதும் கட்டுப்பட்டதன்று. ரப்பரின் மூலக்கூறுகள் தரைப்பரப்போடு ஒட்டிப் பிரிவதால் ஒரு பகுதிப் பிடிமானமும், தாரில் பதிந்த கற்களின் மேடுபள்ளங்களுக்கேற்ப ரப்பர் நெளிந்து, பழைய வடிவுக்குத் தாமதமாகத் திரும்பும்போது ஏற்படும் ஆற்றல் இழப்பால், அதாவது இயற்பியலார் தயக்கம் என்று சொல்லும் பண்பால், இன்னொரு பகுதியும் கிடைக்கின்றன. இவ்விரண்டும் வெப்பநிலையைச் சார்ந்தவை என்பதே மறக்கப்படும் செய்தி. பந்தயத்துக்கெனக் கலக்கப்பட்ட ரப்பர் பொதுவாக 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரையிலான நிலையில்தான் தன் முழுத்திறனைக் காட்டும். அதற்குக் கீழே அது முழுமையாகப் பற்றாது, மேலே எண்ணெய் தடவியதுபோல் நழுவும். தொடர்ந்து வேகமாக ஓட்டத் தெரிந்தவர் டயரை அந்த எல்லைக்குள் நிறுத்திவைப்பார். ஒரு சுற்றில் தயங்கியும் அடுத்த சுற்றில் துணிந்தும் ஓட்டும் புதியவரின் டயரோ அந்த எல்லைக்குள் நுழைவதும் வெளியேறுவதுமாக இருப்பதால், ஒரே வளைவில் அவருக்குக் கிடைக்கும் பிடிமானம் சுற்றுக்குச் சுற்று மாறும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் மென்மையான கலவை சிறிது கடினமாகிறது. பார்வைக்குப் புதிதுபோல் தோன்றும் செமி ஸ்லிக், உள்ளபடியே தன் ஆயுளைப் பெருமளவு செலவிட்டிருக்கக்கூடும்.

பிடிமானம் மிகுந்தால் பாதுகாப்பும் மிகும் என்பதே எதிர்த்தரப்பின் வலுவான வாதம். வேகம் மாறாமல் இருந்தால் இவ்வாதம் சரியே. ஆனால் கிடைத்த பிடிமானத்தைச் சேமிப்பில் வைத்துக்கொண்டு பழைய வேகத்திலேயே ஓட்டுபவர் பந்தயத் தடத்துக்கு வருவதில்லை. 50 மீட்டர் ஆரமுள்ள, சாய்வற்ற வளைவு ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், உராய்வுக் குணகம் 0.9 ஆக உள்ள டயரில் மணிக்கு ஏறத்தாழ 76 கிலோமீட்டர் வேகத்திலும், 1.1 ஆக உள்ள டயரில் ஏறத்தாழ 84 கிலோமீட்டர் வேகத்திலும் அதைக் கடக்கலாம். வேகத்தில் வேறுபாடு பத்தில் ஒரு பங்குதான் என்றாலும், இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், அந்த வளைவில் பிழை செய்து தடத்தை விட்டு வெளியேறும் கார் 22 விழுக்காடு கூடுதலான ஆற்றலோடு தடுப்பை நோக்கிச் செல்லும். டயர் பிழையைத் தடுக்கவில்லை. பிழை நேரும் வேகத்தை மட்டுமே உயர்த்தியிருக்கிறது.

கூடுதல் பிடிமானத்தின் சுமையை டயர் மட்டும் தாங்குவதும் இல்லை. வளைவில் கார் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான பக்கவாட்டு முடுக்கத்தை எட்டும்போது, எஞ்சினின் அடித்தொட்டியில் உள்ள எண்ணெயின் மேற்பரப்பு 45 பாகை சாய்ந்து நிற்கும். சாலைக் கார்களின் அடித்தொட்டி நீண்ட நேரம் இந்தச் சாய்வில் இருப்பதற்கென்று வடிவமைக்கப்படுவது அரிது என்பதால், உறிஞ்சுகுழாயின் வாய் எண்ணெயை இழந்து காற்றை இழுக்க நேரலாம், அந்தச் சில நொடிகளே தாங்கிகளைத் தேய்க்கப் போதும். பிரேக்கின் நிலையும் இதுவே. டயர் அதிகமாகப் பற்றும்போது இன்னும் தாமதமாக, இன்னும் அழுத்தி பிரேக் பிடிக்க முடியும். அவ்வாறு பிறக்கும் வெப்பம் தட்டுகளுக்கும் பிரேக் திரவத்துக்கும் செல்கிறது. டாட் 4 தரப் பிரேக் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பின் அந்த விதி கேட்கும் குறைந்தபட்ச அளவு 155 பாகை மட்டுமே. மூன்றாண்டுகளாக மாற்றப்படாத திரவத்தோடு விலையுயர்ந்த செமி ஸ்லிக் பூட்டிய கார், அதே திரவத்தோடு சாதாரண டயர் பூட்டிய காரைவிட விரைவில் பிரேக்கை இழக்கும். இதை அறியாமல் டயரைப் பாதுகாப்புச் சாதனம் என்று விற்பது அறியாமை. அறிந்தே விற்பது அதனினும் மோசம்.

கற்றலின் பக்கம் பார்த்தால் இந்த நம்பிக்கையின் தீங்கு இன்னும் தெளிவாகும். வளைவில் டயர் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையே சில பாகை வேறுபாடு எப்போதும் உண்டு. இது வழுக்குக் கோணம் எனப்படும். கோணம் வளர வளரப் பிடிமானமும் ஓர் உச்சம்வரை வளர்ந்து, பின்னர் குறையத் தொடங்குகிறது. நல்ல சாலை டயரில் அந்த உச்சம் அகன்றதாகவும், அதைத் தாண்டிய பின் வரும் சரிவு மெதுவானதாகவும் அமைவதோடு, டயர் கிறீச்சிட்டு எல்லை நெருங்குவதை முன்கூட்டியே உணர்த்தும். பந்தயத்தை நோக்கிச் செய்யப்படும் டயர்களில் உச்சம் உயரமாகவும் குறுகலாகவும், சரிவு திடீரெனவும் வருவது வழக்கம். எச்சரிக்கை ஒலியும் குறைவு. எல்லை எங்கே இருக்கிறது என்பதைக் காதாலும் ஸ்டியரிங் வழியாகக் கையாலும் அறிந்துகொள்ளப் பழகாத ஒருவருக்கு, எல்லையை உயரத்தில் மறைத்து வைக்கும் டயரைப் பரிந்துரைப்பது, நீந்தக் கற்க வந்தவரைக் கிணற்றின் ஆழமான பக்கத்துக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும்.

கார் வடிவமைப்பாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 2012இல் டொயோட்டா வெளியிட்ட ஜிடி86, ஓட்டும் இன்பத்துக்கென்றே உருவாக்கப்பட்ட பின்சக்கர இயக்க விளையாட்டுக் கார். அதற்குப் பல சந்தைகளில் பொருத்தப்பட்டதோ 215 மில்லிமீட்டர் அகலமே உள்ள, எரிபொருள் சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற பிரியஸ் காரிலும் இடம்பெற்ற மிஷ்லின் பிரைமசி வகை டயர். கஞ்சத்தனம் என்று அதை ஏளனம் செய்தோர் பலர். மிதமான வேகத்திலேயே காரின் எல்லையை ஓட்டுநர் தொட்டு உணர வேண்டும் என்பதே அத்தேர்வின் நோக்கம். அந்தக் கார் பெற்ற புகழில் அந்த எளிய டயருக்கும் பங்குண்டு.

இனி, இந்த நம்பிக்கையாளர்கள் கையில் அளவுகோலாக வைத்திருக்கும் தேய்மான எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். டயரின் பக்கச்சுவரில் 200, 340 என்று காணப்படும் இந்த எண் குறையக் குறையப் பிடிமானம் கூடும் என்று பலர் மனப்பாடமாகச் சொல்கின்றனர். அமெரிக்க அரசின் தரவரிசை முறைக்காக ஏற்பட்ட இவ்வெண், டெக்சாஸ் மாநிலத்தின் பொதுச்சாலைகளில் 7,200 மைல் ஓட்டி, ஒப்பீட்டு டயர் ஒன்றோடு வைத்து அளக்கப்படும் தேய்மானத்தின் குறியீடு மட்டுமே. வளைவுப் பிடிமானத்துக்கான சோதனை அதில் எங்கும் கிடையாது. மேலும், எண்ணைத் தன் டயருக்கு வழங்குவது தயாரிப்பு நிறுவனமே. 200க்குக் குறைந்த டயர் கூடாது என்று போட்டி விதி வகுக்கப்பட்டவுடன், 200 என்று பொறிக்கப்பட்ட மிக மென்மையான டயர்கள் சந்தைக்கு வந்து சேர்ந்தது இதனால்தான்.

டயர்த் தேர்வு என்பது ஒட்டும் தன்மையை விடச் சுமையைப் பற்றிய கேள்வி என்பதற்கு 2005 ஜூன் 19 அன்று இண்டியானாபொலிஸில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தை விடப் பெரிய சான்று தேவையில்லை. சாய்வாக அமைந்த 13ஆம் வளைவின் சுமையை மிஷ்லின் டயர்களின் கட்டமைப்பு தாங்காது என்று பயிற்சியின்போதே தெரியவந்ததால், அவற்றைப் பூட்டியிருந்த ஏழு அணிகளின் 14 கார்களும் முன்னோட்டச் சுற்றோடு விலகிக்கொள்ள, ஆறு கார்கள் மட்டுமே பந்தயத்தைத் தொடங்கின. உலகின் மிகச் சிறந்த ரப்பர் கலவைகளில் ஒன்று, குறிப்பிட்ட ஒரு வளைவின் முன் பயனற்றுப் போனது.

டயரின் காற்றழுத்தமும் பிடிமானத்தோடு நெருங்கிய தொடர்புடையது, எனினும் அதற்கு விலை இல்லை என்பதால் யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. 30 பாகை வெப்பத்தில் 30 பிஎஸ்ஐ அளவுக்கு நிரப்பிய டயர், உள்ளிருக்கும் காற்று 80 பாகைக்குச் சூடாகும்போது 37ஐத் தாண்டும். இதை எதிர்பாராமல் காலையில் வைத்த அழுத்தத்தோடே நண்பகல்வரை ஓட்டுபவர், டயரின் நடுப்பகுதியை உப்பவைத்து, தான் பணம் கொடுத்து வாங்கிய பிடிமானத்தைத் தானே குறைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு ஓட்டம் முடிந்தவுடன் சூடாக இருக்கும்போதே அளந்து சரிசெய்தால், சாதாரண டயரும் கவனிப்பாரற்ற செமி ஸ்லிக்கை எட்டிப்பிடிக்கக்கூடும்.

இதனால் மலிவான டயர் எதுவும் தடத்துக்குப் போதும் என்று கொள்வது இன்னொரு தவறாகும். எரிபொருள் சிக்கனத்துக்கென உயரமான, நெகிழ்வான பக்கச்சுவரோடு செய்யப்பட்டவை விரைவில் கொதித்து, ரப்பர் துண்டுதுண்டாகப் பிய்ந்துபோகும். பல ஆண்டுகள் பழையதாகி இறுகிய டயரும் தகாது. கடிகாரத்தோடு போட்டியிடும் தேர்ந்த ஓட்டுநருக்கு, காரின் பிரேக்கும் எண்ணெய் அமைப்பும் சக்கரச் சாய்வும் அதற்கேற்ப மாற்றப்பட்டிருந்தால், செமி ஸ்லிக்கே சரியான தேர்வு. இதை மறுப்பார் இல்லை. ஆயினும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அவரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: காடிகளால் வெளியேற்ற இயலாத அளவு நீர் தேங்கிய தரையில், 30 பிஎஸ்ஐ அழுத்தமுள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகத்திலேயே நீரின் மேல் மிதக்கத் தொடங்கும்.

ஆகவே தடத்துக்கு முதன்முறை செல்பவர், காரின் அளவுக்கும் உரிய வேகக் குறியீட்டுக்கும் பொருந்திய நல்ல சாலை டயரோடு, புதிய பிரேக் திரவமும் நம்பத்தக்க அழுத்தமானி ஒன்றும் கொண்டு செல்வதே தகும். தடநாள்களை நடத்துவோரும் நுழைவாயிலில் டயரின் பெயரைக் கேட்டு வியப்பதை விடுத்து, அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும் பக்கச்சுவரின் நான்கு இலக்கங்களையும், பிரேக் திரவம் கடைசியாக மாற்றப்பட்ட நாளையும் கேட்டு, விடை நிறைவளிக்காத காரைத் திருப்பி அனுப்ப வேண்டும்.