நலம் கேளுங்கள்: விட்டு விட்டு வரும் குளிர்காய்ச்சல்

''என் வீட்டுக்காரர் கர்நாடகாவில் காபித் தோட்ட வேலைக்குப் போய்வந்தார். பத்து நாட்களாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுக்கத்துடன் காய்ச்சல். இடைப்பட்ட நாளில் நன்றாக இருக்கிறார். போன வருஷமும் இப்படி வந்து, மாத்திரை சாப்பிட்டுச் சரியானது. சாமை அறுப்பு நெருங்குகிறது. என்ன செய்யலாம்?''

- வாசகி, ஜமுனாமரத்தூர், திருவண்ணாமலை மாவட்டம்.

''முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அறுப்பு இரண்டு நாள் தள்ளிப் போனாலும் பரவாயில்லை. நீங்கள் சொல்வது மலேரியாவின் அடையாளம். முதலில் குளிர், அடுத்து கொதிக்கும் காய்ச்சல், தலைவலி, வாந்தி, பிறகு வியர்த்துக் கொட்டி காய்ச்சல் இறங்கும். இதைத்தான் பெரியவர்கள் முறைக்காய்ச்சல் என்பார்கள். எல்லோருக்கும் இப்படி முறை வைத்து வராது. குழந்தைகளுக்குத் தினமும் காய்ச்சல் அடிக்கலாம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். வேலைக்கு வெளியூர் போய்வந்ததை மறக்காமல் சொல்லுங்கள்.

மலேரியாவில் 'வைவாக்ஸ்' வகைக் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து, பல மாதம் கழித்தும் காய்ச்சலைக் கிளப்பும். ரத்தத்தில் இருப்பதை அழிக்க 3 நாள் குளோரோகுயின். கல்லீரலில் இருப்பதை அழிக்க 14 நாள் பிரைமாகுயின் கொடுப்பார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. அவர் போன வருஷம் எத்தனை நாள் சாப்பிட்டார் என்று கேளுங்கள். மீதி மாத்திரையை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் ஆகாது. சாப்பிடும்போது சிறுநீர் கறுத்தால், நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

'ஃபால்சிபாரம்' வகை உயிருக்கே ஆபத்து. மயக்கம், பிதற்றல், வலிப்பு, மூச்சுத்திணறல், கண் மஞ்சளாதல் தெரிந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மலேரியா கொசு இரவில் கடிக்கும். முட்டையிடுவது பெரும்பாலும் தெளிந்த நீரில்தான். பயன்படுத்தாத கிணறு, ஓடைக்குழி, கோடையில் தென்பெண்ணை மணலில் தேங்கும் குட்டை எல்லாம் அதற்கு வசதி. கிணற்றில் கம்பூசியா மீன் விடுங்கள், தொட்டியை மூடுங்கள், வாரம் ஒருமுறை தேங்கிய நீரை வடியுங்கள். அவர் குணமாகும்வரை கொசுவலைக்குள் படுக்கட்டும். அவரைக் கடித்த கொசுதான் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நோயைக் கொண்டுவரும்.''