அட்டையில் அவள் மனதுக்கும் ஒரு வரி

மதிப்பிற்குரிய திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் கர்ப்பிணியின் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் தாய் சேய் நல அட்டையில் ஏறுகின்றன. ‘தூக்கம் வருகிறதா? அடிக்கடி அழுகை வருகிறதா?’ என்று கேட்டுக் குறிப்பதும் அதே அளவு கட்டாயமாக வேண்டும். இதுதான் என் கோரிக்கை.

தாயின் மனச்சோர்வு அவளோடு நிற்பதில்லை. பதற்றத்தில் சுரக்கும் கார்டிசாலில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடி முறித்துக் குழந்தையைக் காக்கிறது. நெருக்கடி நீண்டால் அந்தக் காவல் தளரக்கூடும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். குறைப்பிரசவமும் எடை குறைந்த பிறப்பும் இத்தகைய தாய்மாரிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. அதைவிடக் கண்ணெதிரே தெரிவது வேறு: சோர்ந்தவளுக்குச் சோறு இறங்காது, சத்து மாத்திரை அப்படியே கிடக்கும், அடுத்த செக்கப்புக்கும் வரமாட்டாள். ‘நீ அழுதால் பிள்ளைக்கு ஆகாது’ என்று அந்தப் பாரத்தையும் அவள் தலையிலேயே ஏற்றுவது கொடுமை.

ஏனெனில் காரணம் பெரும்பாலும் அவளைச் சுற்றித்தான் இருக்கிறது. போளூர் வழியாக வேலூர் போகும் சாலையில் உள்ள கணியம்பாடி வட்டாரத்தில் 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்து கவனித்த ஆய்வு 2002இல் வெளியானது. பிரசவத்துக்குப் பின் 11 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு புதிதாக வந்திருந்தது. வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கைவேலைக்கு உதவ ஆளில்லாமை ஆகியவையே பின்னணி. இவற்றில் எது அவள் குற்றம்?

கேட்பதற்கான கருவியைப் புதிதாகத் தேட வேண்டாம். மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ வினாப்பட்டியலில் பத்தே கேள்விகள். அதன் தமிழ் வடிவம் 2005லேயே சோதிக்கப்பட்டுவிட்டது. கிராம சுகாதார செவிலியருக்குப் பயிற்சி கொடுங்கள். மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டு, கர்ப்பிணியிடம் தனியாகக் கேட்கட்டும். சமுதாய வளைகாப்புக்குக் கணவர்களையும் அழையுங்கள். உமைக்கு ஈசன் உடலில் பாதி தந்ததாக நம்பும் ஊர் இது, பாதிச் சுமையையாவது அவர்கள் ஏற்கட்டும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை ஒவ்வொரு அட்டையிலும் அச்சிடுங்கள்.

ஆனால் கேட்டுவிட்டு அனுப்ப இடமில்லையென்றால் கேட்டதே பாவம். ஜவ்வாது மலைப் பெண் ஒருத்தி கைவேலையை விட்டு, பஸ் ஏறி, மனநலப் பிரிவைத் தேடி இறங்கி வருவாளா? பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மருத்துவ முகாம் நடத்தும் நிர்வாகத்தால், அந்த மலையிலுள்ள ஜமுனாமரத்தூரில் செக்கப் நடக்கும் நாளில் மனநல ஆலோசகர் ஒருவரை அமர்த்த முடியும். முதல் உத்தரவு அதுவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாவட்டவாசி