கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? ‘ஃபார்மட்’ கடைசியில் பார்த்துக்கலாம்!

“சிஸ்டம் ஆன் ஆகல.” இந்த மூன்று வார்த்தையைச் சொன்னதுமே பல சர்வீஸ் கடைகளில் பதில் ரெடி: “கொண்டு வாங்க சார், ஃபார்மட் அடிச்சிடலாம்.” மாலையில் கம்ப்யூட்டர் புத்தம்புதுசு போலத் திரும்பி வரும். குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோ, ஐந்து வருட வருமான வரி ஆவணங்கள், பாதி முடித்த புராஜெக்ட் எதுவும் அதில் இருக்காது.

உண்மையில் ‘ஆன் ஆகல’ என்பது ஒரே பிரச்னை அல்ல. பட்டனை அழுத்தினால் லைட்டும் இல்லை, ஃபேன் சத்தமும் இல்லை என்றால் அது மின்சாரம் சம்பந்தப்பட்டது. சுவர் பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், எஸ்எம்பிஎஸ் பின்னால் இருக்கும் சின்ன சுவிட்ச் என வரிசையாகப் பார்க்க வேண்டும். வீட்டைப் பெருக்கும்போது ஒயர் லூஸாகிவிடுவது சகஜம். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மறுபடி சார்ஜரைப் போட்டுப் பார்க்கலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் பிரிக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும்.

ஃபேன் சுற்றுகிறது, ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறதா? முதலில் மானிட்டர் கேபிள். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் கேபிளை மதர்போர்டில் சொருகிவிட்டுத் தலையைச் சொறிபவர்கள் உண்டு. அடுத்த சந்தேகம் ரேம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பட்டைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டுவது ரிச்சி ஸ்ட்ரீட் பாணி வைத்தியம்தான். ஆனாலும் பல நேரம் பலிக்கிறது.

இந்த இரண்டு வகையிலும் ஃபார்மட்டுக்கு வேலையே இல்லை. ஃபார்மட் தொடுவது டிஸ்க்கை மட்டும்தான். ரேமில் கோளாறு இருக்க டிஸ்க்கை அழிப்பது, பல்வலிக்கு முட்டியில் கட்டுப் போடுவது மாதிரி.

லோகோ வந்து அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பது மூன்றாவது வகை. சொருகி மறந்த பென் டிரைவை முதலில் உருவ வேண்டும். விண்டோஸ் தொடர்ந்து சில முறை ஸ்டார்ட் ஆகாமல் தடுமாறினால் ரிப்பேர் திரை தானாகவே வரும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேர், சேஃப் மோட், கடைசியாகப் போட்ட அப்டேட்டை நீக்குவது ஆகிய வழிகள் உள்ளன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. விமானங்கள்கூட ரத்தாயின. அதற்கான தீர்வு ஃபார்மட் அல்ல. சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை நீக்கினால் போதும்.

அன்று பலரை மாட்டிவிட்டது பிட்லாக்கர் கீ. இப்போது பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. ரிப்பேர் திரையில் அது கேட்கும் 48 இலக்க எண், பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். மொபைலில் லாக்-இன் செய்தே எடுத்துவிடலாம். இது தெரியாமல் “லாக் ஆயிடுச்சு, ஒண்ணும் பண்ண முடியாது” என்று டிஸ்க்கை அழிப்பதுதான் கொடுமை.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஃபார்மட் என்றால் வேலை நிச்சயம், காசும் நிச்சயம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கோளாறைக் கண்டுபிடித்துவிட்டு, “ரேம் லூஸா இருந்துச்சு” என்று சொல்லி அதற்குக் காசு கேட்டால் எத்தனை பேர் முகம் சுளிக்காமல் கொடுக்கிறார்கள்? பார்ப்பதற்கான கூலியைத் தரத் தயாராக இருந்தால்தான், “முதல்ல டேட்டாவை எடுத்துடுங்க, அப்புறம் மத்ததைப் பார்ப்போம்” என்று உரிமையோடு சொல்ல முடியும். விண்டோஸ் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி ஃபைல்களை எடுக்கலாம். எஸ்எஸ்டி என்றால் இது இன்னும் முக்கியம். அதை ஃபார்மட் அடித்த பிறகு டேட்டாவை மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம்.

பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காமல், உடனே ஆஃப் செய்து டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் நேராகக் கொண்டுபோக வேண்டும்.