காஞ்சிக்கெனத் தனி வானொலி வேண்டும்!

காஞ்சிப் பட்டு நெசவாளர் குழித்தறியில் இறங்கி அமர்ந்தபின் அவர்தம் கையும் காலும் கண்ணும் ஓய்வறியா. ஓய்ந்திருப்பது செவி ஒன்றே. அச்செவியில் நாள்தோறும் புகுவது எத்தமிழ்? பெயர்ச்சொல்லெல்லாம் ஆங்கிலமாகவும், ‘பண்ணு’ என்னும் துணைவினை ஒன்றே தமிழாகவும் அமைந்த கலவைப் பேச்சன்றோ! மிளகாய் என்னும் நற்றமிழ்ச் சொல் இருக்க, ‘மிர்ச்சி’ என்னும் இந்திச் சொல்லைத் தாங்கிய பண்பலை நிலையம் தமிழ்நாட்டின் தலைநகரிலேயே ஒலிக்கின்றது.

நடுவணரசின் வானொலியோ 1950-களிலேயே ‘ஆகாசவாணி’ என்னும் பெயரைச் சூடிக்கொண்டது. 2023-ஆம் ஆண்டு மே திங்களில் அப்பெயரையே வழங்குக என மீண்டும் ஆணை பிறந்தபோது தமிழ்நாட்டில் கண்டனக் குரல் எழுந்தது. எழுந்தது நன்றே. ஆயினும் ஒன்றை எண்ணுதல் வேண்டும். 1930-களில் மைசூரில் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி என்பார் தம் சொந்த முயற்சியால் நடத்திய சிறு நிலையத்திற்கு இட்டு வழங்கிய பெயர் அது. நிலையம் கண்டவர் தாம் விரும்பிய பெயரை இட்டார். தமிழில் பெயரும் தமிழில் பேச்சும் வேண்டுவோர் முதற்கண் செய்யத்தக்கது யாது? தாமே நிலையம் காண்பதன்றோ!

அது தமிழர்க்குப் புதிதும் அன்று. இந்திய அரசுக்கு வானொலி என ஒன்று இல்லாத 1924-ஆம் ஆண்டிலேயே சென்னையில் சி. வி. கிருட்டிணசாமி செட்டியார் முயற்சியால் வானொலிக் கழகம் ஒன்று தோன்றி, அவ்வாண்டு சூலைத் திங்களில் ஒலிபரப்பத் தொடங்கிற்று. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் அது நின்றது. அதன் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பிற்று. 1938-இல்தான் நடுவணரசின் நிலையம் சென்னைக்கு வந்தது. முன்னோர் முயற்சி அறிவுக் குறைவால் நிற்கவில்லை. பணக் குறைவால் நின்றது.

அலைவரிசை பொதுமக்கள் உடைமை என 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னும் பண்பலை அலைவரிசை ஏலத்திற்கே வந்தது; ஏலத்தில் வெல்வோர் பெருஞ்செல்வரே. 2006-இல் தொண்டமைப்புகளுக்கும் திறக்கப்பட்ட குமுகாய வானொலிக்கோ பொதுவாக 100 வாட்டு ஆற்றலே எல்லை. செய்தி ஒலிபரப்பும் உரிமையை அந்நெறிமுறை தரவில்லை.

இணைய வானொலிக்கு அலைக்கற்றையும் வேண்டா, கோபுரமும் வேண்டா. ஒலிவாங்கி, கணினி, ஒலியைச் சுருக்கி அனுப்பும் நிரல், அதனைக் கேட்போர் ஒவ்வொருவர்க்கும் படியெடுத்துத் தரும் வழங்கி ஆகிய நான்கே கருவி. வழங்கியில் இயங்கும் ‘ஐசுகாசுட்டு’ விலையின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள். உரை தெளிவுறக் கேட்க நொடிக்கு 64 கிலோபிட்டு போதும். ஒருவர் ஒரு மணி நேரம் கேட்பின் ஏறத்தாழ 29 மெகாபைட்டு செலவாகும். 200 தறியருகே ஒரே வேளையில் ஒலிப்பினும் வழங்கியிலிருந்து வெளியேறுவது நொடிக்கு 12.8 மெகாபிட்டே. வாடகைக்குக் கிடைக்கும் சிறு வழங்கியே இதனைத் தாங்கும்.

“யூடியூப் விலையின்றி இடந்தருகையில் தனி வழங்கி எதற்கு?” என்பார் உளர். இவ்வினாவிற்கு விடை காஞ்சித் தெருக்களிலேயே உள்ளது. கூலி நெசவில் பட்டும் சரிகையும் முதலாளி தருவான். வண்ணத்தையும் கரையையும் அவனே முடிவு செய்வான். நெய்தவருக்கு எஞ்சுவது கூலி. அந்நிலை மாறவே நெசவாளர் கூட்டுறவுகள் இவ்வூரில் எழுந்தன. அயலார் தளத்தில் தமிழ் முழங்குவோரும் கூலி நெசவாளரே. எவ்விளம்பரம் இடையே வரும், எக்குரல் முன்னிற்கும், எது நீக்கப்படும் என்பவற்றை உடையவனே முடிவு செய்வான். தனி வழங்கி வாடகையதாயினும், ஓரிடம் மறுப்பின் நிலையத்தைப் பெயரோடும் முகவரியோடும் வேறிடத்திற்குக் கொண்டு செல்லலாம்.

எதனை ஒலிபரப்புவது? திரைப்பாட்டை அன்று. உரிமையாளர் ஒப்புதலின்றி அதனை ஒலிபரப்புதல் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். அந்தத் தடை தமிழுக்கு நன்மையே. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்த நூல் பொதுவுடைமை. கச்சி ஏகம்பத்தை மூவரும் பாடிய தேவாரத்தை ஓதுவார் காலையில் பாடுக. கச்சியைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையைப் புலவர் நண்பகலில் விளக்குக. பட்டு விலையும் சரிகை விலையும் மாலையில் நற்றமிழில் அறிவிக்கப்படுக. இவை எல்லாவற்றினும் விரைந்து செய்யத்தக்கது ஒன்றுண்டு. பாவு, ஊடை, அச்சு, விழுது, கோர்வை எனத் தொழிலோடு வாழும் சொற்களை முதிய நெசவாளர் தம் வாயாலேயே விளக்கிப் பதிவு செய்தல் வேண்டும். தறிகள் ஒன்றொன்றாய் ஓய, அச்சொற்களும் உடன் ஓய்கின்றன. அகரமுதலி எழுத்தைக் காக்கும். அவர்தம் குரலைக் காக்குமோ?

பொருளுக்கு என் செய்வது? 1927-இன் படிப்பினை கண்முன் நிற்கின்றது. ஒருவர் இருவர் தோளில் சுமையை ஏற்றாமல், ஆசிரியரும் நெசவாளரும் வணிகரும் திங்கள்தோறும் சிறுதொகை ஈந்து கூட்டுறவாக நடத்துக. ஆண்டுதோறும் கணக்கை ஊரறியக் காட்டுக.

கண்டனக் கூட்டத்திற்குப் பந்தலிடும் செலவில் ஒரு பகுதியேனும் இதற்குச் செல்லட்டும். பிறர் வாயிலில் நின்று தமிழுக்கு இடங்கேட்டது போதும். காஞ்சித் தமிழர் தம் நிலையத்தைத் தாமே நிறுவுக. அதற்குத் தமிழ்ப்பெயர் சூட்டுக. தறியருகே தமிழ் ஒலிக்க!